பொதுப் பார்வை என்பது யாருடைய பார்வை?

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



பண்டிதர் அயோத்திதாசர் 1845இல் பிறந்து 1914 மே 5 அன்று மறைந்தார். 1907 ஜூன் மாதத்தில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பிறகு அது ‘தமிழன்’ என்று பெயர் மாறிற்று. அந்த இதழில் பண்டிதர் கையாண்ட முதன்மையான கருவி சொல்லாராய்ச்சி. ஒரு சொல்லை எடுப்பார். இன்று அதற்கு என்ன பொருள், முன்பு என்ன பொருள், இடையில் மாற்றியவர் யார், மாற்றியதால் யாருக்கு ஆதாயம் என்று கேட்பார். பிராமணர் என்ற சொல்லையே யதார்த்த பிராமணர், வேஷ பிராமணர் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டியவர் அவர். அவர் கண்ட முடிவுகள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் ‘இந்தச் சொல்லால் யாருக்கு ஆதாயம்’ என்ற அவருடைய கேள்வி இன்றும் செல்லுபடியாகிற கேள்வி.

அந்த வழியில் இன்று ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அது தமிழ்ச் சொல் அல்ல, ஆங்கிலச் சொல்: ‘வியூ’. பண்டிதர் விழாவில் எதற்கு ஆங்கிலச் சொல் என்று கேட்கலாம். நம் மக்கள் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகார் வழக்காக நிற்குமா விழுமா என்பதை இன்று இந்த ஒரு சொல் தீர்மானிக்கிறது. அதனால்தான் எடுத்தேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘பார்த்தல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. கடற்கரை விடுதியில் ‘சீ வியூ’ அறை என்றால் அது காட்சி. கப்பல் ‘வியூ’வுக்குள் வந்தது என்றால் அது கண்ணுக்கு எட்டும் எல்லை. ‘என்னுடைய வியூ’ என்றால் கருத்து. ‘பாயின்ட் ஆஃப் வியூ’ என்றால் நிற்கும் இடம், கோணம். ‘வித் எ வியூ டு’ என்று தொடங்கினால் நோக்கம். யூடியூபில் ‘எத்தனை வியூஸ்’ என்று கேட்டால் அது எண்ணிக்கை. ‘ரிவ்யூ’ என்றால் மறுபடி பார்ப்பது, ‘இன்டர்வியூ’ என்றால் ஒருவரை ஒருவர் பார்ப்பது. கண்ணில் தொடங்கிய சொல் கருத்து, நோக்கம், அதிகாரம் வரைக்கும் போகிறது.

தமிழும் இப்படித்தான். நோக்கு என்றால் பார். நோக்கம் என்றால் உள்ளத்தில் இருக்கும் எண்ணம். சாட்சி என்ற வடசொல்லுக்குள் கண் இருக்கிறது. கண்ணோடு இருந்தவர், கண்ணால் கண்டவர் என்பதே அதன் அடிப்படை. கண்காணி என்ற சொல் கங்காணி ஆயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் நம் முன்னோரை ஆள்பிடித்துக் கொண்டுபோய், வரிசையில் நிறுத்தி, வேலை வாங்கியவர் கங்காணி. ஆங்கிலேயரும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அங்கே பார்ப்பவருக்கு ஒரு பதவி. பார்க்கப்படுபவருக்குக் கூலி.

அரசு அலுவலகக் கடிதத்தைப் பாருங்கள். மேலே ‘பொருள்’ என்று போட்டிருக்கும். அதன் கீழே ‘பார்வை’ என்று போட்டு, முந்தைய மனுவின் நாளும் எண்ணும் கொடுத்திருப்பார்கள். சுடுகாட்டுப் பாதை கேட்டு நாம் கொடுத்த மனு பத்து வருடமாக ‘பார்வை’யில் இருக்கும். பாதையை வந்து பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

சாதி, கண்ணை வைத்து என்ன செய்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தீண்டாமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் தொடுவதைத்தான் நினைக்கிறோம். நெருங்காமை இருந்தது. வைக்கத்தில் 1924, 1925 ஆண்டுகளில் நடந்த போராட்டம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக. காணாமையும் இருந்தது. திருநெல்வேலிப் பகுதியில் பகலில் வெளியே வரக்கூடாது என்று விதிக்கப்பட்ட ஒரு வண்ணார் சமூகத்தைப் பற்றி 1932 டிசம்பரில் ‘தி இந்து’ நாளேடு செய்தி வெளியிட்டது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அந்தச் செய்தியை எடுத்தாண்டார். இரவில் வேலை செய்து விடிவதற்குள் அவர்கள் மறைந்துவிட வேண்டும், பார்த்தாலே தீட்டு. இன்று நாம் புதிரை வண்ணார் என்று அழைக்கும் மக்கள்தான் அவர்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். அவர்கள் யாருடைய துணியை வெளுத்தார்கள்? ஊர்க்காரர் துணியை அல்ல. மற்ற தீண்டப்படாத சாதியாருடைய துணியை. பாபாசாகேப் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இதுதான். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது நம்மில் பலருக்குக் கோபம் வந்ததற்குக் காரணம், அந்த நாவல் விளக்கை நம் பக்கம் திருப்பிப் பிடித்தது. ஊர் நம்மைப் பார்க்கவில்லை என்று நாம் சொல்கிறோம். நமக்குக் கீழே நாம் யாரைப் பார்க்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். பண்டிதர் பெயரைச் சொல்கிறவர்களுக்கு இதில் விலக்கு இல்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்துவிட்டது, அதை எந்த வடிவில் கடைப்பிடிப்பதும் கூடாது என்கிறது. எந்த வடிவிலும் என்று சொல்கிறதே தவிர, எந்த இடத்தில் என்று அது கேட்கவில்லை. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976இல் திருத்தப்பட்டு, குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. அதன் பிரிவு 7(1)(டி), தீண்டாமையின் பேரில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை அவமதிப்பதையும் அவமதிக்க முயல்வதையும் குற்றம் என்கிறது. அங்கேயும் நான்கு பேர் பார்த்தார்களா என்ற கேள்வி இல்லை.

1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. தண்டனை கூடியது, முன்ஜாமீனுக்குத் தடை வந்தது. அவமதிப்புக் குற்றத்தில் ஒரு புதிய நிபந்தனையும் சேர்ந்தது. இழிவுபடுத்தும் நோக்கத்துடன், ‘பொதுப் பார்வையில் உள்ள எந்த ஓர் இடத்திலும்’ வேண்டுமென்றே அவமதிப்பது அல்லது மிரட்டுவது என்று எழுதினார்கள். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தப் பிரிவு 3(1)(ஆர்) ஆயிற்று. சாதிப் பெயர் சொல்லி வசைபாடுவது 3(1)(எஸ்) என்று தனிக் குற்றமாயிற்று. இரண்டிலும் ‘பப்ளிக் வியூ’ என்ற சொற்கள் இருக்கின்றன.

நீதிமன்றங்கள் இதற்கு என்ன பொருள் கொண்டன? மூன்று தீர்ப்புகளைச் சொல்கிறேன். மூன்றும் உச்ச நீதிமன்றத்தினுடையவை.

2008இல் வந்த வழக்கு, வீட்டு வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஓர் ஓட்டுநரைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியது பற்றியது. பொது இடம் வேறு, பொதுப் பார்வையில் உள்ள இடம் வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. தனியாருக்குச் சொந்தமான வீட்டு வாசலே ஆனாலும், சாலையில் போகிறவர் பார்க்க முடியுமானால் அது பொதுப் பார்வையில் உள்ள இடம்தான். கட்டடத்துக்கு உள்ளே நடந்தாலும், பொதுமக்கள் சிலர் அங்கே இருந்தால் குற்றமாகும். ஆனால் அவர்கள் வெறும் உறவினராகவோ நண்பர்களாகவோ மட்டும் இருக்கக்கூடாது. பாதி நமக்குச் சாதகம். கடைசி வாக்கியத்தில் சிக்கல் தொடங்கியது.

2020 நவம்பரில் உத்தரகாண்ட் வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்தது. வீட்டின் நான்கு சுவர்களுக்குள் சொன்னதாகக் குற்றச்சாட்டு, பொதுமக்கள் யாரும் அங்கே இல்லை, ஆகவே இந்தப் பிரிவு பொருந்தாது என்றது நீதிமன்றம். நிலத் தகராறு என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. வன்கொடுமைச் சட்டத்தின் கீழான குற்றச்சாட்டு ரத்தாயிற்று, மற்றக் குற்றச்சாட்டுகள் தொடர்ந்தன.

2025 ஜனவரி இறுதியில் வந்த தீர்ப்பு நம் திருச்சி மாவட்டத்து வழக்கு. வருவாய்த் துறையில் பணியாற்றும் ஒருவர், தன் அலுவலகத்துக்கு வந்தவர் தன்னைச் சாதி சொல்லித் திட்டினார் என்று புகார் கொடுத்தார். சம்பவம் அலுவலக அறைக்குள் நடந்தது, சக ஊழியர்கள் அதன் பிறகே வந்தார்கள், எனவே பொதுப் பார்வை இல்லை என்று வழக்கு ரத்து செய்யப்பட்டது.

1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் போன்ற நம் பிரதிநிதிகள் முயன்று ஒரு தீர்மானத்தை நிறைவேற வைத்தார்கள். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லாவற்றிலும் நம் மக்கள் நுழையலாம் என்றது அது. பொது அலுவலகத்தின் படியில் ஏறவே அன்று ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. நூறு ஆண்டு கழித்து அதே வருவாய் அலுவலகத்தில் நம் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அங்கே அவர் இழிவுபடுத்தப்பட்டால் அது ‘பொது’வில் நடந்ததாக ஆகவில்லை. நாற்காலி பொதுப்பணி நாற்காலி. அறை மட்டும் தனி அறை.

நீதிமன்றம் சட்டத்தில் இல்லாததைச் சொல்லவில்லை என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். அது உண்மை. சொற்கள் சட்டத்தில் இருக்கின்றன, எழுதியது நாடாளுமன்றம். தனிப்பட்ட சண்டையில் யார் என்ன சொன்னார் என்பதை மெய்ப்பிப்பது கடினம், முன்ஜாமீன்கூட இல்லாத குற்றத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்ற வாதமும் புறந்தள்ளக்கூடியது அல்ல. என் கேள்வி வேறு. அந்த வரம்பை எந்தக் கோணத்தில் நின்று போட்டார்கள்?

அவமானம் என்றால் என்ன என்பதற்கு இரண்டு பதில்கள் உண்டு. பிறர் கண்ணில் நம் மதிப்புக் குறைவது ஒன்று. அதற்குப் பார்வையாளர் வேண்டும். தன்னை மனிதனாகவே நடத்தவில்லை என்று ஒருவர் உணர்வது இன்னொன்று. அதற்குப் பார்வையாளர் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு ஒரு பேராசிரியர் ஆய்வு மாணவியிடம் ‘உங்களுக்கெல்லாம் எதற்கு முனைவர் பட்டம்’ என்று கேட்டால், அந்த அறையில் மூன்றாவது ஆள் இல்லை. ஆனால் அந்த மாணவி அதைப் பல வருடம் சுமப்பாள். முதல் பதிலைத்தான் சட்டம் எடுத்துக்கொண்டது. கௌரவம் என்பதை ஊர் கொடுக்கும் பொருளாக எண்ணுகிறவரின் பதில் அது. சுயமரியாதை என்ற சொல்லை இந்த மண்ணில் ஓர் இயக்கமாக வளர்த்தவர்கள் இரண்டாவது பதிலை அறிவார்கள்.

அடுத்து, ‘பொது’ யார்? உறவினரும் நண்பரும் மட்டும் இருந்தால் போதாது என்றால், நம் குடியிருப்பில் சாட்சிக்கு யார் மிச்சம்? ஒரு காலனியில் பிறந்தவர்கள் அண்ணன், சித்தப்பா, அத்தை, மாமன் என்றுதான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்கிறோம். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் ‘இவர் உங்களுக்கு என்ன முறை’ என்று கேட்பார். ‘அண்ணன் முறை’ என்று சாட்சி உண்மையைச் சொல்வார். அது பதிவாகிவிடும். சுதந்திரமான சாட்சி வேண்டுமென்றால் ஊரிலிருந்து வர வேண்டும். ஊர்க்காரர் தன் சாதிக்காரருக்கு எதிராகக் கூண்டில் ஏறுவது எவ்வளவு அரிது என்று இங்கே இருக்கிற தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரையும் சேரியையும் பிரித்துக் கட்டியது சாதி. அந்தப் பிரிவினையையே சாட்சியத்தின் குறையாக நம் மேல் சுமத்துவது எப்படி நியாயம்?

நான்கு சுவர் என்பதும் அப்படியே. பண்ணை வீட்டின் கொல்லை, செங்கல் சூளையின் கொட்டகை, முதலாளியின் சமையலறை, மேலாளரின் குளிரூட்டிய அறை. நம் மக்கள் உழைக்கும் இடங்களில் பெரும்பாலானவை பிறருடைய சுவருக்குள் இருக்கின்றன. சுவர் யாருக்குச் சொந்தமோ அவருக்கே அது பாதுகாப்பாகிறது. வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

மாற்றமே இல்லை என்று சொல்லவில்லை. 2022இல் கேரள உயர் நீதிமன்றம், யூடியூபில் வெளியான ஒரு பேட்டி பற்றிய வழக்கில், இணையத்தில் ஏற்றப்பட்ட இழிசொல்லும் பொதுப் பார்வையில் உள்ளதுதான் என்று சொன்னது. பாதிக்கப்பட்டவர் அந்த இடத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும் என்ற பழைய வாதத்தை அது ஏற்கவில்லை. யாரேனும் அந்தக் காணொளியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர் அங்கே இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றது. சொல்லின் பொருள் விரியக்கூடியது என்பதற்கு இது சான்று.

தீர்ப்பே திரும்பியதும் உண்டு. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம், வன்கொடுமைப் புகாரில் முதல் தகவல் அறிக்கைக்கு முன் விசாரணை நடத்தலாம், கைதுக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்டது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்களும் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1 அன்று சீராய்வில் உச்ச நீதிமன்றமே அந்தக் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. சீராய்வுக்கு ஆங்கிலத்தில் ‘ரிவ்யூ’. மறுபடி பார்க்கவைத்தது நீதிமன்றத்துக்கு வெளியே நின்ற கூட்டம்.

பாபாசாகேப் தன் அனுபவங்களை எழுதிய சிறு நூலுக்கு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று தலைப்பு. விசா என்ற சொல்லும் அதே லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். ‘பார்க்கப்பட்ட தாள்’ என்பது அதன் பழைய பொருள். அதிகாரி பார்த்துவிட்டார், நீ உள்ளே போகலாம். கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பரோடாவில் தங்க இடமின்றி, பார்சி என்று பெயர் கொடுத்து ஒரு விடுதியில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. அவர் யார் என்று தெரியாதவரை இடம் இருந்தது. தெரிந்தவுடன் இடம் இல்லை. சொந்த நாட்டுக்குள் விசா கேட்ட நிலை அது.

இதையெல்லாம் பேசிவிட்டுக் கலைந்துபோனால் போதாது. நாளைக் காலை நீங்கள் ஒரு புகார் எழுத வேண்டியிருக்கலாம். அதற்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

புகாரில் இடத்தைத் தெளிவாக எழுதுங்கள். ‘வீட்டில் திட்டினார்’ என்று எழுதாதீர்கள். திண்ணையா, வாசலா, சாலையிலிருந்து தெரியுமா, கதவு திறந்திருந்ததா, யார் யார் நின்றார்கள், அவர்கள் சொல்லைக் கேட்டார்களா, முன்பே இருந்தார்களா பிறகு வந்தார்களா என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இல்லாததைச் சேர்க்க வேண்டாம், ஒரு பொய் மொத்த வழக்கையும் கெடுத்துவிடும். ஆனால் இருப்பதை விட்டுவிடவும் வேண்டாம். முதல் தகவல் அறிக்கையில் இல்லாத வாசற்கதவைப் பின்னால் யாராலும் திறக்க முடியாது.

அவமதிப்புப் பிரிவோடு நிறுத்தாதீர்கள். காயம், வழிமறிப்பு, மிரட்டல் நடந்திருந்தால் பிரிவு 3(2)(விஏ) இருக்கிறது. அதற்குப் பொதுப் பார்வை தேவையில்லை, பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்தே செய்தார் என்பது வேண்டும். சமூகப் புறக்கணிப்புக்கும் பொதுச் சொத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதற்கும் தனிப் பிரிவுகள் உண்டு. சுவருக்குள் தீண்டாமையின் பேரில் நடந்த இழிவுக்கு 7(1)(டி) இருக்கிறது, அதை நாம் மறந்தே போனோம். முதல் தகவல் அறிக்கை பதிய முன் விசாரணை தேவையில்லை என்று 18ஏ சொல்கிறது. 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் உரிமைகளைத் தருகிறது. வழக்கு நடவடிக்கைகள் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

மாவட்டந்தோறும் ‘விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு’ என்று ஒன்று இருக்கிறது. பெயரிலேயே இரண்டு கண். விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது, எத்தனை வழக்குகள் ‘பொதுப் பார்வை இல்லை’ என்று முடிக்கப்பட்டன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சட்டம் படிக்கும் மாணவர்கள் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளலாம். நான்கு சுவர்களைக் காரணம் காட்டி ரத்தான தீர்ப்புகளை மாவட்டவாரியாகத் தொகுத்தால், சட்டத் திருத்தம் கேட்க நம் கையில் ஆதாரம் இருக்கும். பணியிடம், கல்வி நிலையம், வேலை செய்யும் வீடு ஆகிய இடங்களில் நடப்பதற்குப் பொதுப் பார்வை என்ற நிபந்தனை பொருந்தாது என்று ஒரு விளக்கம் சேர்த்தாலே போதும். நம் கோரிக்கை அதுவாக இருக்கட்டும்.

இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு. நீதிமன்றம் நுழையாத அறைக்குள் கதையும் தன்வரலாறும் நுழைந்தன. தலித் தன்வரலாறுகளை வெறும் புலம்பல் என்று சொன்னவர்கள், அவை சாட்சியம் என்பதைக் காணத் தவறினார்கள். மூன்றாவது ஆள் இல்லாத அறையில் நடந்ததை எழுதும்போது, வாசகர் மூன்றாவது ஆளாகிறார். எழுதுங்கள். பெயரோடு, நாளோடு, இடத்தோடு எழுதி வையுங்கள்.

பண்டிதர் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்ததன் நோக்கம் அகராதி எழுதுவது அல்ல. அந்தச் சொல்லுக்குள் யாரை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் என்று காட்டுவது. ‘பொது’ என்ற சொல்லில் நாம் இன்னும் வெளியே நிற்கிறோம். நம்மைப் பார்த்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். கங்காணி பார்த்தான், ஊர் பார்த்தது, காவலர் பார்க்கிறார். நாம் பார்த்ததும் கேட்டதும் பட்டதும் பொதுப் பார்வையாகக் கணக்கில் வர வேண்டும். அந்த வேலை நீதிமன்றத்தில் பாதி, தெருவில் பாதி.